பெயர் மாற்றினாற் பொருள் மாறுமா?

சென்ற தீபாவளி விடுமுறையில் என் பழைய மாணாக்கர் ஒருவர் பதுளையிலுள்ள என் இல்லத்துக்கு வந்தார். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் கொழுந்து பறித்து வாழ்ந்த தாயின் மகன். என்னிடம் நன்னூல் பாடங் கேட்டவர். இப்பொழுது கொழும்பில் விளம்பர நிறுவனமொன்றிலே நல்ல உத்தியோகத்தில் இருப்பவர். கொண்டுவந்த பலகாரப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னார்.

"ஐயா, ஒரு நற்சாட்சிப் பத்திரம் வேண்டும்."

"எந்த உத்தியோகத்துக்குத் தம்பி?"

"கனடாவிலே ஒரு கம்பனி. மக்கள் தொடர்புப் பணிப்பாளர் பதவி."

"அந்தக் கம்பனி என்ன செய்கிறது?"

அவர் சற்றே தயங்கினார். "மூலிகை சம்பந்தப்பட்டது, ஐயா."

"எந்த மூலிகை?"

பின்னுந் தயங்கி, தலையைக் குனிந்துகொண்டு, "கஞ்சா, ஐயா" என்றார்.

ஒரு வாரங் கழித்து வருமாறு சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு வாரத்தில் யான் எண்ணியவற்றையே ஈண்டு அன்பர்கள்முன் வைக்கின்றேன்.

கஞ்சா என்ற சொல்லைக் கேட்டு யான் திடுக்கிடவில்லை. கனடாவில் 2018ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆந் திகதி முதல் அது சட்டப்படி விற்கப்படும் பொருள். அதற்கு முன் 2013இல் உருகுவே நாடு அவ்வழியைத் திறந்துவிட்டது. சட்டம் அனுமதித்த தொழிலில் ஒருவர் சம்பளத்துக்கு வேலை செய்வதைக் குற்றம் என்று கூற எனக்கு உரிமை இல்லை. என் உள்ளத்தை உறுத்தியது அவர் முதலிற் சொன்ன விடையே. 'மூலிகை சம்பந்தப்பட்டது' என்றாரே, அவ்விடையைச் சொன்னபொழுதே அவர் அப்பதவியின் வேலையைத் தொடங்கிவிட்டார்! நியமனக் கடிதம் வருவதற்கு முன்னரே, தம் ஆசிரியரிடமே தொடங்கிவிட்டார்.

இந்தப் பணிப்பாளர் செய்யும் வேலைதான் யாது? விளம்பரம் செய்பவர் வேறு, இவர் வேறு. விளம்பரத்துக்குக் கம்பனி பணங் கொடுத்து இடம் வாங்குகின்றது; அது விளம்பரம் என்பது வாசகனுக்குந் தெரியும். மக்கள் தொடர்பாளரோ செய்தியாளர்க்கு அறிக்கை எழுதிக் கொடுக்கின்றார், அவர்தம் கேள்விகளுக்கு விடை சொல்கின்றார், சட்டமியற்றுவோரைச் சந்திக்கின்றார், மருத்துவரை மேடையேற்றுகின்றார், ஊருக்கு நூல்நிலையமோ மைதானமோ அமைத்துக் கொடுக்க ஏற்பாடு செய்கின்றார். அவர் கூற்று மறுநாட் காலையிற் செய்தியாக நம் வீட்டு வாயிலில் வந்து விழுகின்றது. கஞ்சாத் தொழிலில் இவருக்கு மதிப்பு மிகுதியாவதற்குக் காரணம் உண்டு. கனடாவின் சட்டம் இளைஞரை ஈர்க்கும் விளம்பரத்தையும், பிரபலமானோர் நற்சான்று கூறும் விளம்பரத்தையும் தடைசெய்திருக்கின்றது. முன்வாயில் அடைபட்டபொழுது பக்கவாயிலின் திறவுகோல் யாரிடம் இருக்கின்றதோ அவரைத் தேடிக் கம்பனிகள் செல்வது இயல்பே.

இத்தொழிலின் வரலாறும் சுவையானது. முதல் உலகப் போரிற் பொய்யுரைகள் மலிந்தமையாற் 'பிரசாரம்' என்ற சொல்லுக்கு இழுக்கு ஏற்பட்டது. அதன் பின்னரே அமெரிக்காவில் எட்வர்ட் பேர்னேய்ஸ் போன்றோர் தம் தொழிலுக்கு 'மக்கள் தொடர்பு' என்ற பெயரை நிலைநாட்டினர். 1929இல் நியூயோர்க் நகரத்து ஈஸ்டர் ஊர்வலத்தில் இளம் பெண்களைச் சிகரெட் பிடித்துக்கொண்டு நடக்கச் செய்து, அதனைப் பெண் விடுதலையின் அடையாளமாகச் செய்தித்தாள்களில் இடம்பெறச் செய்தவரும் அவரே. பிறர் பொருளுக்குப் பெயர் சூட்ட வந்தவர்கள் முதலிலே தம் தொழிலுக்கே புதுப்பெயர் சூட்டிக்கொண்டனர் என்க.

நிற்க. பெயரை மாற்றிச் சொல்வதே பிழையென்று தமிழ்ப் பண்டிதன் ஒருவன் கூற இயலுமா? இயலாது. நம் இலக்கணமே அதற்கு இடந் தந்திருக்கின்றது. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். 'கால் கழுவி வருகிறேன்' என்பது இடக்கரடக்கல். இறந்தாரைத் 'துஞ்சினார்' என்பது மங்கலம். பொன்னைப் 'பறி' என்று பொற்கொல்லரும், கள்ளைச் 'சொல்விளம்பி' என்று வேடருந் தம்முள் வழங்கியது குழூஉக்குறி. போதைப் பொருளுக்கு மறுபெயர் வைப்பது இன்று நேற்றுத் தோன்றியதன்று என்பதற்கு அந்தச் சொல்விளம்பியே சான்று.

ஆயின் இம்மூன்றுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. 'துஞ்சினார்' என்று கேட்டவன், 'எப்பொழுது விழிப்பார்?' என்று வினவுவதில்லை. பொருள் அவனுக்குத் தெரியும். சொல் மென்மையாயிற்றேயன்றிச் செய்தி மறையவில்லை. குழூஉக்குறியோ அவ்வாறன்று. அக்குழுவினர்க்குப் பொருள் விளங்கும்; வெளியில் நிற்பவனுக்கு விளங்கலாகாது என்பதே அதன் நோக்கம். ஆகவே எந்தப் புதுப்பெயரைக் கேட்டாலும் நாம் வினவவேண்டியது ஒன்றே: கேட்பவனுக்குப் பொருள் தெரிகின்றதா? தெரிந்தால் அது மங்கலம். தெரியாதவாறு செய்யப்பட்டிருந்தால், எத்துணை இனிய சொல்லாயினும் அது குழூஉக்குறியே. மங்கலத்தின் ஆடையைக் குழூஉக்குறிக்கு உடுத்தி ஊர்நடுவே அனுப்புவதுதான் இன்றைய மக்கள் தொடர்பிற் பெரும்பகுதி என்று அஞ்சுகின்றேன்.

கஞ்சாவின் பக்கத்தில் நியாயமே இல்லையென்று கூறுவாருமுளர். அவர்களோடும் யான் உடன்படேன். சித்த மருத்துவர் அதனைக் கோரக்கர் மூலி என்றுஞ் சிவமூலி என்றும் வழங்கி, சுத்தி செய்து, அளவறிந்து மருந்திற் சேர்த்தனர். இந்தியாவில் ஆங்கில அரசாங்கம் 1893இல் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அக்குழு 1,193 சாட்சிகளை விசாரித்து, மிதமாகக் கொள்வதாற் பெருந் தீங்கு இல்லை, முற்றாகத் தடுத்தல் வேண்டா என்று 1894இல் முடிவு கூறிற்று. அண்மையில் 2018இல், குழந்தைகளை வாட்டுங் கடுமையான வலிப்பு நோய்க்கு இச்செடியிலிருந்து பிரித்தெடுத்த மருந்தொன்றை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் ஏற்றுக்கொண்டனர். 2020 டிசம்பர் 2ஆந் திகதி ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு, 1961ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மிகக் கடுமையான அட்டவணையிலிருந்து கஞ்சாவை நீக்குவதற்கு இணங்கியது. ஆதரவு 27 வாக்கு, எதிர்ப்பு 25. உலகின் கருத்து எவ்வளவு சமமாகப் பிரிந்து நிற்கின்றது என்பதை அந்த எண்ணிக்கையே காட்டும்.

ஆனால் இங்கேதான் சொல்லின் சூழ்ச்சி நுழைகின்றது. அவ்வலிப்பு மருந்து செடியிலுள்ள சி.பி.டி. என்னும் பொருளால் ஆயது. அது மயக்கந் தருவதன்று. மயக்கந் தருவது டி.எச்.சி. என்னும் வேறொரு பொருள். அதன் செறிவு மிகுந்த வகைகளை இளம் வயதில் இடைவிடாது கொள்வோர்க்கு மனநோய் வரும் அபாயம் கூடுகின்றது என்று மருத்துவர் எச்சரிக்கின்றனர். ஒரே செடியின் பெயரைச் சொல்லி, நோயாளிக் குழந்தைக்கு உதவிய பொருளின் புகழை, கடையில் விற்கும் மயக்கப் பொருளுக்கு மாற்றிவிடுதல் எளிது. அவ்வாறு செய்பவர் ஒரு பொய்யுஞ் சொன்னவராகார். ஆயினுங் கேட்டவர் பொய்யையே நம்பிச் செல்வார்.

புகையிலையின் கதை நமக்குப் பாடமாதல் வேண்டும். புகைத்தலாற் புற்றுநோய் வரும் என்ற ஆராய்ச்சிகள் வெளிவந்தபொழுது, அமெரிக்கப் புகையிலைக் கம்பனிகள் பெயர்பெற்ற மக்கள் தொடர்பு நிறுவனமொன்றின் ஆலோசனையைப் பெற்று, 1954 ஜனவரியில் நானூறுக்கு மேற்பட்ட பத்திரிகைகளில் ஓர் அறிக்கையை வெளியிட்டன. பொதுமக்களின் ஆரோக்கியமே தமக்கு முதன்மையானது என்பது அதன் சாரம். அந்த அறிக்கை விதைத்த ஐயத்தைக் களைவதற்குப் பல்லாண்டுகள் சென்றன. அவ்வாண்டுகளில் எத்தனை உயிர் போயிற்றோ! தாய்லாந்திலும் 2022 ஜூனிற் கஞ்சாவைத் தடைப்பட்டியலினின்று நீக்கியபொழுது மருத்துவத்தையே முன்வைத்துப் பேசினர். தெருவெங்குங் கடைகள் முளைத்தன. மூன்றாண்டு கழித்து, 2025 ஜூனில், மருத்துவச் சீட்டு இன்றி விற்கலாகாது என்று அரசு மீண்டுங் கட்டுப்பாடு விதிக்க வேண்டியதாயிற்று.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். கனடாக் கம்பனியின் செய்தி நமக்கு எதற்கு என்று ஊவா வாசகர் கேட்கலாம். இக்கேள்வி நம் வாயிலுக்கே வந்துவிட்டது. பொருளாதார நெருக்கடியில் நாடு தத்தளித்த 2022இல், அப்போதைய சுற்றுலா இராஜாங்க அமைச்சர் டயானா கமகே, கஞ்சாவைப் பயிரிட்டு ஏற்றுமதி செய்து டொலர் ஈட்டலாம் என்று வெளிப்படையாக வாதாடினார். அவ்வாண்டு நவம்பரிற் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தில், ஏற்றுமதிக்காகப் பயிரிடுவதை ஆராய நிபுணர் குழு அமைக்கும் யோசனை இடம்பெற்றது. 2025 ஆகஸ்டில், மீரிகமவில் 64 ஏக்கர் நிலத்தில், ஏற்றுமதிக்கு மட்டும் கஞ்சா பயிரிட ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்க்கு அனுமதி வழங்கப்பட்டமை செய்தியாயிற்று. இனி அவர்களுக்கும் பேசுவதற்கு ஆள் வேண்டும். சிங்களத்திலும் தமிழிலும் அறிக்கை வேண்டும்.

நம் ஊவா மாகாணத்தின் மற்றொரு பாதியாகிய மொனராகலை மாவட்டத்தை இப்பொழுது எண்ணிப் பாருங்கள். தணமல்வில, வெல்லவாயப் பக்கத்துக் காடுகளிற் கஞ்சாச் சேனைகள் கண்டுபிடிக்கப்பட்டு அழிக்கப்பட்ட செய்தியைப் பத்திரிகைகளிற் படிக்காத ஆண்டில்லை. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நஞ்சு, அபின் முதலியவற்றோடு இச்செடியையும் அடக்கியது. ஏழைக் குடியானவன் கையில் அது இருந்தால் அதன் பெயர் 'கஞ்சா'. முதலீட்டாளர் வேலிக்குள் இருந்தால் அதன் பெயர் 'மருத்துவப் பயிர்'. அனுமதி பெற்றவனையும் பெறாதவனையும் ஒன்றாக நடத்துக என்று யான் சொல்லவில்லை. சட்டம் என்று ஒன்றிருந்தால் அதற்கு வேலியும் இருக்கும். ஆனால் அனுமதியால் மாறுவது உரிமை மாத்திரமே, பொருள் மாறுவதில்லை. பொருள் மாறாதபொழுது பெயர் மட்டும் ஏன் மாறுகின்றது?

எனக்கு இது வெறும் இலக்கண வினா அன்று. நற்சாட்சிப் பத்திரம் கேட்டு வந்த மாணாக்கர் இருந்த அதே வகுப்பில், அவருக்கு இரண்டு வாங்கு பின்னால் இருந்த மற்றொரு பையன் உண்டு. அவனுடைய தமையன் சட்டைப்பையிற் சிறு பொட்டலத்தோடு பிடிபட்டான். தண்டப்பணங் கட்டுவதற்குத் தாயின் தோடு அடகுக்குப் போயிற்று. 'கஞ்சாவுடன் இளைஞர் கைது' என்று பத்திரிகையில் இரண்டு வரி வந்தது. தோட்டத்தில் அக்குடும்பத்துக்கு அதுவே பெயராயிற்று. தம்பி படிப்பை நிறுத்திக் கொழும்பிற் கடையொன்றில் வேலைக்குப் போனான். அவ்விரண்டு வரியை மென்மைப்படுத்த அவர்களுக்கு ஒரு மக்கள் தொடர்புப் பணிப்பாளர் இருக்கவில்லை.

இலையொன்றின் புகழை உலகெங்கும் பரப்புவது எத்தகையது என்பதை ஊவா மலைகளைக் காட்டிலும் நன்கு அறிந்த இடம் இல்லை. 1869இற் கோப்பிப் பயிரை நோய் பற்றியது. அது அழிந்த நிலத்தில் தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைக்கு மேலேயுள்ள தம்பேதென்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். அவர் மளிகைக் கடைக்காரர். அதனினும் பெரிய விளம்பரக்காரர். 1881இல் கிளாஸ்கோ நகரத்திற் பென்னம்பெரிய பாற்கட்டியைத் தெருவழியே கொணர்ந்து ஊரையே வேடிக்கை பார்க்க வைத்தவர். அவர் கையில் நம் மலையின் இலை உலகப் பெயர் பெற்றது. 1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபை அமைந்தது. அக்காலத்தார் பிரசாரத்தைப் பிரசாரம் என்றே சொன்னார்கள். அந்த அளவிற்கு அவர்களைப் பாராட்டலாம். 1972இல் நாட்டின் பெயரே மாறிய பின்னரும் 'சிலோன் தேயிலை' என்ற பெயரை மாற்ற ஒருவருந் துணியவில்லை. அத்துணை வலிமை அந்தப் பெயருக்கு!

அந்தப் பிரசாரப் படங்களிற் கூடை சுமந்த தமிழ்ப் பெண் புன்னகையோடு நின்றாள். அவளுடைய லயத்து அறை படத்தில் இல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவள் நாடற்றவளானாள், படம் மாறவில்லை. 1964இற் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் அவள் உறவினர் இரண்டு நாட்டுக்குப் பங்கிடப்பட்டனர், படம் மாறவில்லை. எஞ்சியோரின் குடியுரிமை வழக்கைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாவதற்கு 2021 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. லிப்டன் அமர்ந்து தோட்டம் பார்த்த இடத்தை இன்றும் 'லிப்டன் ஆசனம்' என்று உல்லாசப் பிரயாணிகள் ஏறிச் சென்று காண்கின்றனர். அந்தச் சரிவுகளிற் கொழுந்தெடுத்தோர் பெயரால் ஒரு கல்லும் அங்கு இல்லை. தேயிலைப் பிரசாரம் பொய் சொல்லிற்றா? இல்லை. இலை நல்ல இலைதான். சொல்ல வேண்டியவற்றிற் பாதியைச் சொல்லாது விட்டது. அந்தப் பாதியில் நாம் இருந்தோம்.

ஆகவே கஞ்சாவானாலுஞ் சரி, நாளை வேறெந்த இலையானாலுஞ் சரி, அதன் சார்பாகப் பேச வருவோரிடம் நாம் மூன்றைக் கேட்கவேண்டும். முதலாவது, ஊரார் அறிந்த பெயரைச் சொல்லுக. நூற்பெயரும் வணிகப் பெயரும் அதன் பின்னே வரட்டும். இரண்டாவது, நன்மையை அச்சிடும் அதே எழுத்தளவில் தீமையையும் அச்சிடுக. மூன்றாவது, யார் நிலத்தில், யார் உழைப்பில், யார் இலாபத்துக்கு அது விளைகின்றது என்பதைக் கூறுக. இம்மூன்றையுஞ் சொன்ன பின்னரும் அத்தொழில் நிலைக்குமாயின் நிலைக்கட்டும். நிலைக்காதாயின், அது நின்றது மறைப்பின்மேல் என்பது தெரிந்துவிடும்.

'இவையெல்லாம் சொல்வதற்கா ஒருவரைச் சம்பளங் கொடுத்து வைப்பார்கள்?' என்று சிரிப்போர் இருப்பர். 'தோட்டத்துப் பிள்ளை பெரிய பதவிக்குப் போவதைப் பண்டிதர் தடுக்கிறார்' என்று சினப்போரும் இருப்பர். பின்னையோர் கூற்றை யான் எளிதாகத் தள்ளவில்லை. தலைமுறை தலைமுறையாகப் படத்தில் நின்றவளின் மகன், படத்தை வரைபவன் இடத்துக்குச் செல்கிறான். இஃது எனக்குப் பெருமையன்றோ? அப்பெருமை உண்டு என்பதாலேயே கவலையும் உண்டு. சொல்லாது விடப்பட்ட பாதியிற் பிறந்தவன் அதே தொழிலைக் கற்றுக்கொண்டு மற்றொருவனை அப்பாதியில் தள்ளுவானாயின், அவனுக்கு யான் சொல்லிக்கொடுத்த நன்னூல் எதற்கு?

ஒரு வாரங் கழித்து அவர் வந்தார். பத்திரத்தை எழுதி வைத்திருந்தேன். அவருடைய ஒழுக்கம், உழைப்பு, மொழித்திறம் யாவற்றையும் உள்ளவாறு குறித்திருந்தேன். இறுதியில், 'இவர் பொருளை அதன் பெயராற் சொல்லக் கூடியவர். அவ்வாறு சொல்ல விடும் நிறுவனத்துக்கு இவர் பெரும்பயன் தருவார்' என்று ஒரு வாக்கியம் சேர்த்திருந்தேன். அவர் படித்துவிட்டு, "இந்தக் கடைசி வரியைப் பார்த்தால் வேலை தரமாட்டார்கள், ஐயா" என்றார்.

"அந்த வரியைக் கண்டும் தந்தால், தம்பி, அது நீ இருந்து செய்யக்கூடிய வேலை" என்றேன்.

அவர் சற்று நேரம் ஒன்றும் பேசாதிருந்தார். பிறகு பத்திரத்தை மடித்து உறையில் வைத்துக்கொண்டு விடைபெற்றார். அதனைக் கம்பனிக்கு அனுப்பினாரோ இல்லையோ, யான் கேட்கவில்லை; கேட்பதும் முறையன்று.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழூஉக்குறிக்குப் பறியையும் சொல்விளம்பியையும் உதாரணங் காட்டி, பரீட்சைக்கு எழுத வைத்துவிட்டு நாம் அமைந்துவிடுகின்றோம். அடுத்த முறை அப்பாடம் வரும்பொழுது, அன்றைய பத்திரிகையையும் வகுப்புக்குக் கொண்டு செல்லுங்கள். அதிலுள்ள ஏதேனும் ஒரு கம்பனி அறிக்கையை எடுத்து, எந்தச் சொல் மங்கலம், எந்தச் சொல் குழூஉக்குறி என்று பிள்ளைகளையே பிரிக்கச் சொல்லுங்கள். அவர்களுள் ஒருவன் நாளை அறிக்கை எழுதுவோனாகலாம். மற்றவர் அனைவரும் அதைப் படிப்போராவர். இரு திறத்தார்க்கும் அந்தப் பாடம் வேண்டும்.